லேப்டாப்பில் சில கீகள் வேலை செய்யவில்லையா: சுத்தம் செய்வதா, மாற்றுவதா, வெளிக் கீபோர்டு செருகுவதா?

"லேப்டாப்பில் நாலு கீ விழவில்லை, என்ன பண்ணலாம்?" என்று கேட்கிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே மூன்று பேரிடம் மூன்று பதில் வாங்கியிருப்பார். கீபோர்டையே மாற்றிவிடு என்பார் ஒருவர். யுஎஸ்பி கீபோர்டு ஒன்றைச் செருகினால் வேலை முடிந்தது என்பார் இன்னொருவர். அது பழசாகிவிட்டது, புதுசு வாங்கு என்பார் மூன்றாமவர். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நிலைமைக்குச் சரியான பதில்தான். ஆனால் எந்தெந்தக் கீ விழவில்லை, எப்போதிலிருந்து, எப்படி என்று அவர்களில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அது தெரியாமல் எந்த வழியில் இறங்கினாலும் குருட்டாம்போக்குதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒன்பது கீகள் செத்துப்போன ஒரு லேப்டாப்பை வெளிக் கீபோர்டு செருகியே ஐந்து மாதம் ஓட்டினேன். உள் கீபோர்டு போய்விட்டது என்று முடிவு கட்டி, புதிதாக ஒன்று வாங்கி, மாட்டுவதற்காகத் திறந்தேன். கீபோர்டை மதர்போர்டோடு இணைக்கும் தட்டையான ரிப்பன் கேபிளைப் பிடித்திருக்கும் சின்னத் தாழ் ஒரு பக்கம் மட்டும் மேலே எழும்பியிருந்தது. அதற்கு முன் ராம் மாற்றத் திறந்தபோது கேபிள் லேசாகச் சரிந்திருக்கிறது. நேராக வைத்து நகத்தால் அழுத்தி மூடியதும் ஒன்பது கீகளும் திரும்பி வந்துவிட்டன.

## எதை வைத்து ஒப்பிடுவது

விலைதான் எல்லோர் கண்ணிலும் முதலில் படும். நான் அதைக் கடைசியில் வைப்பேன். முதலில் பார்க்க வேண்டியது பழுது எங்கே இருக்கிறது என்பது: மென்பொருளிலா, ஒரு கீயின் மூடியிலா, அடியில் மின்கோடுகள் பதித்த மெல்லிய பிளாஸ்டிக் தாளான மெம்ப்ரேன் ஷீட்டிலா, கேபிளிலா, மதர்போர்டிலா. இரண்டாவது, செய்த வேலை பிசகினால் பழைய நிலைக்குத் திரும்ப முடியுமா. அமைப்பை மாற்றினால் திருப்பி மாற்றிவிடலாம். உடைந்த கிளிப்பை ஒட்ட முடியாது. மூன்றாவது, அந்தத் தீர்வு எத்தனை நாள் தாங்கும். நான்காவது, லேப்டாப்பை நீங்கள் எங்கே வைத்து வேலை செய்கிறீர்கள்: ஒரே மேசையிலா, மடியிலா, பயணத்திலா. கடைசியாகத்தான் செலவு. அதிலும் பில்லில் தெரியும் செலவோடு, தெரியாத செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

## முடிவெடுக்கும் முன் அரை மணி நேரம்

லேப்டாப்பை மூடி, பக்கவாட்டில் பாருங்கள். அடிப்பகுதி உப்பியிருந்தாலோ, டச்பேட் அழுந்தாமல் இறுகியிருந்தாலோ, கீபோர்டின் நடுப்பகுதி மேடாக எழும்பியிருந்தாலோ அது கீபோர்டுப் பிரச்சினை அல்ல. பேட்டரி வீங்கி மேலே தள்ளுகிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை அணைத்து, உடனே பேட்டரியை மாற்றக் கொடுங்கள். வீங்கிய பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது; கீழே வரும் எதையும் அதற்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

அது இல்லையென்றால், யாரிடமாவது ஒரு யுஎஸ்பி கீபோர்டு இரவல் வாங்கிச் செருகுங்கள். அதிலும் அதே எழுத்து விழவில்லையா? அப்படியானால் கோளாறு மென்பொருளில். அதில் விழுந்து, லேப்டாப்பில் மட்டும் விழவில்லை என்றால் பெரும்பாலும் வன்பொருள்தான். உறுதி செய்ய, பென்டிரைவிலிருந்து லினக்ஸை நிறுவாமலே இயக்கி, அங்கே தட்டிப் பாருங்கள். அங்கேயும் விழாத கீக்கு விண்டோஸ் மேல் பழி போட முடியாது. விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் அமைப்புத் திரையான பயாஸிலும் பார்க்கலாம். ஆனால் அங்கே அம்புக்குறி, என்டர், எஸ்கேப் மாதிரி சில கீகளுக்குத்தான் வேலை இருக்கும். எழுத்துகளைச் சோதிக்க அது பெரிதாக உதவாது.

அப்புறம் ஒரு தாள் எடுத்து, செத்த கீகளை எழுதி வையுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். லேப்டாப் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனித்தனிக் கம்பி கிடையாது. 8 வரிசையும் 16 நெடுவரிசையும் போல ஒரு வலை இருக்கும். ஒரு கீயை அழுத்தினால் ஒரு வரிசையும் ஒரு நெடுவரிசையும் தொட்டுக்கொள்ளும். கீபோர்டை இயக்கும் சிப் அந்தச் சந்திப்பை வைத்து எந்தக் கீ என்று கண்டுபிடிக்கும். அதனால் வலையில் ஒரு கோடு அறுந்தால், அந்தக் கோட்டில் இருக்கும் அத்தனை கீகளும் ஒன்றாகச் சாகும். அவை பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு மூலையில் இரண்டு, நடுவில் ஒன்று, மேல் வரிசையில் எஃப்5 மாதிரி ஒரு கீ என்று சிதறி இருக்கலாம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மாதிரி தெரியும் ஐந்தாறு கீகள் ஒரே நாளில் செத்தால், அழுக்கைத் தேட வேண்டாம், கோட்டைத் தேடுங்கள்.

| அறிகுறி | பெரும்பாலும் காரணம் | முதலில் முயல வேண்டியது |
|---|---|---|
| எழுத்துக்குப் பதில் எண் அல்லது வேறு எழுத்து விழுகிறது | நம் லாக் (சில கீகளை எண்ணாக மாற்றும் கீ), மொழி அமைப்பு | அமைப்பைச் சரிபார்த்தல் |
| ஒரு கீயை அழுத்தி நிறுத்தினால்தான் விழுகிறது | அடியில் தூசி, தேய்ந்த ரப்பர் | சுத்தம் செய்தல் |
| கீ அழுந்தினால் மேலே வரவில்லை | பிசுக்கு, உடைந்த கிளிப் | சுத்தம், கிளிப் மாற்றுதல் |
| சிதறிக் கிடக்கும் பல கீகள் ஒன்றாகச் செத்தன | அறுந்த கோடு, நழுவிய கேபிள் | கேபிளைப் பொருத்திப் பார்த்தல், பிறகு கீபோர்டு மாற்றுதல் |
| எதுவும் தொடாமல் ஒரு எழுத்து ஓடிக்கொண்டே இருக்கிறது | சிக்கிய கீ, ஈரம் | அந்தக் கீயை முடக்கிவிட்டுச் சுத்தம் |
| திரவம் கொட்டிச் சில நாள் கழித்து ஒவ்வொன்றாகச் சாகின்றன | மின்கோடுகளில் அரிப்பு | கீபோர்டு மாற்றுதல், மதர்போர்டையும் பார்த்தல் |

## வழி 1: அமைப்புகளைச் சரிசெய்தல்

பத்து நிமிட வேலை, செலவில்லை, எதையும் திருப்பி மாற்றலாம். அதனால் இதை எல்லோரும் முதலில் செய்துவிட வேண்டும்.

விண்டோஸில் வலப்பக்க ஷிஃப்ட் கீயை 8 நொடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் என்ற வசதியை இயக்கும் பெட்டி வரும். கவனிக்காமல் சரி கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு வேகமாகத் தட்டும் எழுத்துகளை விண்டோஸ் கண்டுகொள்ளாது. கீபோர்டே செத்த மாதிரி இருக்கும். தனி எண் பகுதி இல்லாத சில பழைய லேப்டாப்களில் நம் லாக் விழுந்திருந்தால் யு, ஐ, ஓ கீகள் 4, 5, 6 என்றும் ஜே, கே, எல் கீகள் 1, 2, 3 என்றும் விழும். தமிழிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி எழுதுகிறவர்கள் விண்டோஸ் கீயும் ஸ்பேஸ்பாரும் சேர்த்து அழுத்தி, எந்த மொழியில் இருக்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலே இருக்கும் எஃப்1, எஃப்2 வரிசை மட்டும் விழவில்லை என்றால், பல லேப்டாப்களில் எஃப்என் கீயும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் போதும்.

இன்னொன்று. விண்டோஸில் 'ஷட் டவுன்' கொடுத்து மறுபடி திறப்பதும் 'ரீஸ்டார்ட்' கொடுப்பதும் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட் டவுனில் பழைய நிலையின் ஒரு பகுதி அப்படியே சேமிக்கப்பட்டுத் திரும்பி வரும். ரீஸ்டார்ட் தான் முழுதாகப் புதிதாகத் தொடங்கும். விண்டோஸின் வன்பொருள் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் கீபோர்டை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால், அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் தானாகத் திரும்ப ஏறிக்கொள்ளும்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு ஒன்றே ஒன்று: நேரம். ஒரே ஒரு கீ, அதுவும் அழுத்தி அழுத்திப் பார்த்தால் சில சமயம் விழுகிறது என்றால், டிரைவரைத் தேடி ஒரு மாலைப்பொழுதை வீணாக்காதீர்கள். அது மென்பொருளே அல்ல.

## வழி 2: சுத்தம் செய்தல்

ஒன்றிரண்டு கீகள் மட்டும் மக்கர் செய்தால் இதுதான் நல்ல வழி. மிக எளிதாகத் தோன்றுவதும் இதுதான், அவசரப்பட்டு உடைப்பதும் இதில்தான்.

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, ஏறத்தாழ நிமிர்த்திச் சாய்த்துப் பிடித்து, காற்று டப்பாவால் வரிசை வரிசையாக ஊதுங்கள். டப்பாவை நேராகத்தான் பிடிக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் காற்றுக்குப் பதில் குளிர்ந்த திரவம் பீய்ச்சி அடிக்கும். பாதிக்கு மேற்பட்ட சமயங்களில் எனக்கு இத்தோடு வேலை முடிந்திருக்கிறது.

முடியவில்லை என்றால் கீயின் மூடியைக் கழற்ற வேண்டும். மூடிக்கு அடியில் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே மடங்கும் இரண்டு மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகள் இருக்கும்; கிளிப் என்பது இதைத்தான். நடுவில் ஒரு சின்ன ரப்பர் குமிழ். மூடி எந்தப் பக்கம் கொக்கி மாட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் வழுக்கி வருகிறது என்று தெரியாமல் நெம்பினால், அரை மில்லிமீட்டர் அளவுள்ள அந்தக் கொக்கி உடையும். உங்கள் மாடலின் பெயரோடு வீடியோ தேடிப் பார்த்துவிட்டுத் தொடுங்கள். ஸ்பேஸ்பார், ஷிஃப்ட், என்டர் போன்ற நீளக் கீகளில் ஒரு மெல்லிய கம்பியும் இருக்கும். பழக்கமில்லாதவர்கள் முதல் முயற்சியை அவற்றில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மூடி கழன்ற பிறகு, லேப்டாப்பை இயக்கி ஒரு சோதனை செய்யுங்கள். முனை மழுங்கிய பிளாஸ்டிக் குச்சியால் அந்த ரப்பர் குமிழின் நடுவில் நேராக அழுத்துங்கள். எழுத்து விழுந்தால் பழுது மூடியிலோ கிளிப்பிலோதான். சுத்தம் செய்தோ, கிளிப்பை மாற்றியோ காப்பாற்றிவிடலாம். எவ்வளவு அழுத்தினாலும் விழவில்லை என்றால் அடியில் இருக்கும் ஷீட்டில்தான் கோளாறு. சுத்தம் செய்வதை அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடச் சோதனைதான், இது தெரிந்தால் எவ்வளவோ பேருக்குப் பணம் மிஞ்சும்.

பிசுக்கு இருந்தால் 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் துடைக்கலாம். லேப்டாப் அணைந்திருக்க வேண்டும். நன்றாக உலர்ந்த பிறகே இயக்க வேண்டும். மெம்ப்ரேன் ஷீட்டுகள் ஒட்டப்பட்டிருப்பதால் உள்ளே போய்விட்ட அழுக்கை ஆல்கஹாலால் முழுதாக எடுக்க முடியாது.

2015 முதல் 2019 வரை வந்த மேக்புக்களில் பலவற்றுக்கு பட்டர்ஃபிளை கீபோர்டு. அவற்றில் ஒரு துகள் போதும் கீயை முடக்க. ஆப்பிள் 2018 ஜூனில் அவற்றுக்கு இலவசப் பழுதுபார்ப்புத் திட்டத்தையே அறிவித்தது; முதல் விற்பனையிலிருந்து 4 ஆண்டுகள்தான் என்பதால் அந்தச் சலுகை இப்போது கிடைக்காது. 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் ப்ரோவில்தான் பழைய கத்தரிக்கோல் அமைப்புக்குத் திரும்பினார்கள். பட்டர்ஃபிளை கீயின் மூடியை வீட்டில் கழற்ற வேண்டாம். லேப்டாப்பை 75 டிகிரி சாய்த்துக் காற்று ஊதுவது என்று ஆப்பிளே சொன்ன முறையோடு நிறுத்துங்கள்.

திரவம் கொட்டிவிட்டால் கணக்கே வேறு. உடனே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், சார்ஜரைப் பிடுங்குங்கள், கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். அரிசியில் புதைப்பதால் பயனில்லை. ஹேர் டிரையர் சூட்டில் பிளாஸ்டிக்கும் ரப்பரும் வளையும். சர்க்கரை கலந்த பானம் என்றால் காய்ந்த பிறகும் படிவு உள்ளேயே இருந்து கோடுகளை அரிக்கும். முதல் நாள் எல்லாக் கீகளும் விழுகிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். இரண்டு வாரம் கழித்துத்தான் உண்மை தெரியும். அதற்குள் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள்.

## வழி 3: வேறு கீக்கு மாற்றி அமைத்தல்

செத்த கீயின் வேலையை நீங்கள் தொடவே தொடாத ஒரு கீக்குக் கொடுத்துவிடலாம். கேப்ஸ் லாக்கையும் வலப்பக்க கன்ட்ரோலையும் எத்தனை பேர் பயன்படுத்துகிறோம்? விண்டோஸில் பவர்டாய்ஸின் கீபோர்டு மேனேஜர், ஷார்ப்கீஸ், மேக்கில் காரபைனர். எல்லாம் இலவசம்.

இரண்டு விண்டோஸ் கருவிகளுக்கும் இடையில் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பவர்டாய்ஸ் பின்னணியில் ஓடினால்தான் வேலை செய்யும். உள்நுழையும் திரையில் அது இருக்காது. ஷார்ப்கீஸ், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவிடுவதால் உள்நுழைவுத் திரையிலும் செல்லும், ஆனால் மாற்றம் நடைமுறைக்கு வர மறுபடி தொடங்க வேண்டும். வெளிக் கீபோர்டுக்கும் அதே மாற்றம் பொருந்தும். எழுத்து தானாக ஓடிக்கொண்டே இருக்கும் கீயை ஷார்ப்கீஸில் முழுதாக முடக்கவும் முடியும். அந்தச் சிக்கல் உள்ளவர்களுக்கு இது பெரிய விடுதலை.

மறைந்திருக்கும் ஆபத்து கடவுச்சொல்தான். விண்டோஸ் ஏறுவதற்கு முன் வரும் பயாஸ் கடவுச்சொல், சேமிப்பகத்தைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் திரை ஆகிய இரண்டுக்கும் நீங்கள் செய்த மாற்றம் தெரியாது. அங்கே தேவைப்படும் எழுத்தோ எண்ணோ செத்துப்போனால் வாசலிலேயே நின்றுவிடுவீர்கள். ஒரு கீ தடுமாறத் தொடங்கிய அன்றே, அது இல்லாத கடவுச்சொல்லாக மாற்றிவிடுங்கள். விண்டோஸ் உள்நுழைவுத் திரையில் மாட்டிக்கொண்டால் மூலையில் இருக்கும் அணுகல்தன்மைக் குறியைச் சொடுக்கித் திரைக் கீபோர்டைத் திறக்கலாம். உள்ளே வந்த பிறகு விண்டோஸ், கன்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் அது வரும்.

ஒரு கீ, அதிகம் போனால் இரண்டு கீ செத்திருக்கிறது, பழைய லேப்டாப், இன்னும் ஓராண்டு ஓடினால் போதும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. மூன்றாவது கீயும் போனால் விரல்கள் குழம்பும், அதோடு விட்டுவிடுங்கள்.

## வழி 4: வெளிக் கீபோர்டு

இதை ஏதோ தற்காலிக ஒட்டு என்று நினைக்கிறார்கள். எப்போதும் ஒரே மேசையில் வேலை செய்கிறவர்களுக்கு இதுவே நிரந்தரத் தீர்வு என்று நான் சொல்வேன். லேப்டாப்பை ஒரு ஸ்டாண்டில் உயர்த்தி, திரையைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, கீபோர்டைத் தனியாகக் கீழே வைத்தால் கழுத்து குனியாது. கீபோர்டு கெட்டதால் உட்காரும் முறை சரியானவர்களை எனக்குத் தெரியும்.

வயர் உள்ள யுஎஸ்பி கீபோர்டும், குட்டி ரிசீவர் செருகும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் கீபோர்டும் பயாஸ் திரையிலும் பொதுவாக வேலை செய்யும். ப்ளூடூத் கீபோர்டு பெரும்பாலும் விண்டோஸ் ஏறிய பிறகுதான் சேரும். பிட்லாக்கர் கடவுச்சொல் தட்ட வேண்டியவர்கள் ப்ளூடூத் மட்டும் வாங்கிவிட்டுத் தவிக்க வேண்டாம்.

மடியில் வைத்தோ, பயணத்திலோ வேலை செய்கிறவர்களுக்கு இது ஒத்துவராது. சின்னக் கீபோர்டை லேப்டாப் கீபோர்டின் மேலேயே வைத்துத் தட்டலாம் என்று சிலர் செய்வார்கள். அடியில் இருக்கும் கீகள் அழுந்தும். மேக்கில் காரபைனர், வெளிக் கீபோர்டு இணைந்திருக்கும்போது உள்ளதை முடக்கிவிடும். விண்டோஸில் அவ்வளவு சுலபம் இல்லை. டிவைஸ் மேனேஜரில் நீக்கினாலும் அடுத்த ரீஸ்டார்ட்டில் திரும்பி வந்துவிடும். அதோடு, தானாக ஓடும் கீ உள்ளவர்களுக்கு வெளிக் கீபோர்டு மட்டும் செருகினால் தீராது. உள்ளே சிக்கிய கீ சிக்கியபடியே எழுத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும்.

## வழி 5: உள் கீபோர்டை மாற்றுதல்

ஒரு கோடு முழுதாகச் செத்தவர்கள், திரவம் கொட்டியவர்கள், லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம் இதுதான். ஆனால் எல்லா லேப்டாப்பிலும் இது ஒரே வேலை அல்ல. பழைய திங்க்பேட்கள் பலவற்றில் அடியில் ஓரிரண்டு ஸ்க்ரூ கழற்றிக் கீபோர்டை மேலே தூக்கிவிடலாம். ஃப்ரேம்வொர்க் லேப்டாப் பயனரே மாற்றுவதற்கென்று வடிவமைக்கப்பட்டது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் மதர்போர்டு, பேட்டரி, விசிறி எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் கீபோர்டின் முதுகே தெரியும். அதிலும் அது மேல் மூடியோடு உருகிய பிளாஸ்டிக் ரிவெட்டுகளால் இணைந்திருக்கும். அவற்றைச் சீவி எடுத்தால் புதியது முன்போல் இறுக்கமாக உட்காராமல், தட்டும்போது நடுவில் துள்ளும். இந்த வகையில் மேல் மூடியோடு சேர்ந்த முழுத் தொகுதியை வாங்குவதுதான் நல்லது; விலை பல மடங்கு ஏறுவது அங்கேதான். மேக்புக்கள் பலவற்றில் அந்தத் தொகுதியோடு பேட்டரியும் ஒட்டியே வரும்.

ஆகவே கடையில் விலை கேட்கும்போது "கீபோர்டு மட்டுமா, மேல் மூடியோடு சேர்த்தா, ரிவெட் இருந்தால் எப்படிப் பொருத்துவீர்கள்" என்று கேளுங்கள். பதிலிலேயே அவருடைய கை தெரிந்துவிடும்.

நீங்களே மாற்றினால், மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரே மாடலில் விளக்கு உள்ளதும் இல்லாததும் இருக்கும். விளக்குக்குத் தனிக் கேபிள் உண்டு, மதர்போர்டில் அதற்குச் செருகும் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். என்டர் கீ நீளமா, எல் வடிவமா என்பதும் மாறும். பழைய கீபோர்டின் முதுகில் ஒட்டியிருக்கும் பாகம் எண்ணைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பு. சில லேப்டாப்களில் பவர் பட்டனும் கீபோர்டிலேயே இருக்கும். அதைக் கழற்றி வைத்துவிட்டு, வெளிக் கீபோர்டை வைத்து ஓட்டலாம் என்று நினைத்தால் இயக்கவே முடியாது.

திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். அடுத்து, புதியதை எடுக்கும் முன், பழைய கீபோர்டின் ரிப்பன் கேபிளைப் பாருங்கள். தாழ் நகத்தால் மெல்லத் தூக்கினால் நிமிரும். சில வகையில் முன்னால் வழுக்கி வரும். கேபிளை வெளியே எடுத்து, முனையில் இருக்கும் கோடுகள் கறுத்திருக்கின்றனவா என்று பார்த்து, நேராகச் செருகி, தாழை இரண்டு பக்கமும் ஒரே அளவில் அழுத்துங்கள். இதைச் செய்து பார்க்காமல் பழைய கீபோர்டைக் கழற்றாதீர்கள். கடையில் கொடுத்தாலும் இதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

வாரன்டி இருந்தால் திறப்பதற்கு முன் விசாரிப்பது நல்லது. சாதாரண வாரன்டியில் திரவம் கொட்டிய சேதம் பொதுவாகச் சேராது.

## வழி 6: புதிய லேப்டாப்

கீபோர்டுக்காக மட்டும் லேப்டாப் மாற்றத் தேவையில்லை. விதிவிலக்கு ஒன்றுண்டு: கீபோர்டை மாற்றிய பிறகும் அதே கீகள் செத்தே இருந்தால் கோளாறு மதர்போர்டில். அப்போதுகூட அந்தப் பழைய லேப்டாப் வெளிக் கீபோர்டோடு மேசையில் இன்னும் பல காலம் ஓடும். பேட்டரி, திரை, கீல் எல்லாமே ஒரே நேரத்தில் தளர்ந்திருந்தால் யோசிக்கலாம். அது கீபோர்டை வைத்து எடுக்கும் முடிவல்ல.

## ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை

நடைமுறையில் இவை மாறி மாறித்தான் உதவும். எந்தக் கீ செத்தாலும் முதல் நாள் இரவல் யுஎஸ்பி கீபோர்டு செருகிவிடுங்கள். வேலை நிற்காது, பதற்றமில்லாமல் சோதிக்கலாம். ஒரு கீ என்றால் காற்று, பிறகு குமிழ்ச் சோதனை, ஷீட் போயிருந்தால் மாற்றி அமைத்தல். பல கீகள் என்றால் கேபிள், பிறகு கீபோர்டு. தேர்வு, கெடு, வேலை என்று நெருக்கடியான வாரத்தில் லேப்டாப்பைத் திறக்கவே வேண்டாம். வெளிக் கீபோர்டில் அந்த வாரத்தைத் தள்ளுங்கள்.

கீபோர்டை மாற்றினால், கடையில் பழையதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நன்றாக இருக்கும் எண்பது சொச்சம் மூடிகளும் கிளிப்புகளும் பெரும்பாலும் புதியதோடு பொருந்தும். நாளைக்கு ஒரு ஷிஃப்ட் கிளிப் உடைந்தால், அந்த அளவில் ஒரே ஒரு கிளிப்பைத் தேடி அலைய வேண்டியிருக்காது.